பஸ்ஸை முந்திய அக்காவும் என் மைக்கும்

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று, இடம் கொல்லிமலை. அங்கே குண்டனி நாட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியை. சொந்த ஊர் திருவாரூர் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்புதான். அதைவிட உயரமான எதன் மீதும் வேலைக்கு வரும்வரை நான் ஏறியதில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மலைக்கு வந்த முதல் நாள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் செய்த முதல் காரியம் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்ததுதான். இன்றும் வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். இந்தக் கண் மூடும் பழக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன். கழுத்தில் விசில் தொங்கினால் எனக்குத் தலைகால் புரியாது. உலகமே வரிசையில் நிற்க வேண்டும், கோட்டைத் தாண்டக்கூடாது, நான் ஊதினால்தான் மூச்சே விடவேண்டும் என்பது போல நடந்துகொள்வேன். வீட்டில் என் கணவர், "விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வா" என்று கிண்டல் செய்வார். கையில் மைக்கும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பள்ளி இருக்கும் ஊரில் ஓர் இளைஞர் மன்றம் உண்டு. வருடா வருடம் மாசியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசலூர்பட்டி படகு இல்லம் வரை ஆண்களுக்கு ஓட்டப் பந்தயம் நடத்துவார்கள். ரோட்டு வழியாக ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். நாமக்கல், சேலம் பக்கமிருந்தெல்லாம் பையன்கள் வந்து ஓடுவார்கள். நான் வந்த மூன்றாவது வருடம், பெண்களுக்கும் ஒரு பந்தயம் வைத்தால் என்ன என்று கேட்டேன். மன்றத்துச் செயலாளர் தம்பி சிரித்தார்.

"நம்ம பொம்பளைங்க எங்கீங்க டீச்சர் ஓடப்போறாங்க? காடு, ஊடுன்னு கெடக்கறவங்க. கூட்டத்துல வந்து நிக்கறதுக்கே கூச்சப்படுவாங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆள் சேர்ப்பது என் பொறுப்பு, பரிசு மட்டும் நீங்கள் கொடுங்கள் என்று சொன்னேன். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா என்று முடிவானது. பத்துப் படி அரிசி வடிக்கக்கூடிய அண்டா. அதை டீக்கடை முன்னால் ஒரு ஸ்டூலின் மீது வைத்துப் பூமாலை போட்டுவிட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் முகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

யாரை முதலில் கூப்பிடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த ஒரு விஷயம் காரணம்.

ஒருநாள் காலை நான் பள்ளிக்கு வரும் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. வழியில் ஒரு சின்ன ஊரில் பஸ் நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா தலையில் ஒரு மூட்டையோடு நின்றிருந்தார். படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போங்க, நான் வாரேன்" என்று கண்டக்டரிடம் கையசைத்துவிட்டார். பஸ் கிளம்பியது. வளைவு, மேடு, பள்ளம், இன்னொரு வளைவு என்று சுற்றி, நான் கண்ணை மூடி மூடித் திறந்து, பள்ளி இருக்கும் ஊரில் இறங்கினால், டீக்கடை பெஞ்சில் அதே அக்கா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே மூட்டை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, எப்படி வந்தீங்க?"

"நடந்துதானுங்க."

"பஸ்ஸுக்கு முன்னாடியா?"

"பஸ்ஸு சுத்திக்கிட்டு வாரதுங்க" என்றார் அவர், இதில் என்ன அதிசயம் என்பது போல.

இந்தப் பதிலை நன்றாகக் கேட்டிருந்தால் பின்னால் வந்த வினை எதுவும் வந்திருக்காது. நான் கேட்டது பாதிதான். தலையில் மூட்டையோடு பஸ்ஸை முந்துகிற கால்கள் என்பது மட்டும் என் மண்டையில் ஏறியது. பந்தயம் என்றதும் நேரே அவர் ஊருக்குப் போனேன். அவர் களத்தில் பாய் விரித்து மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, பஸ்ஸுக்கு முன்னாடி வந்தீங்களே, அதே மாதிரி ஓடுங்க. அது போதும்" என்றேன்.

முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இந்த வயசுல ஓடினா ஊரே சிரிக்குமுங்க டீச்சர்" என்றார். நான் விடவில்லை. நான்கு தடவை போனேன். நான்காவது தடவை, "நான் மட்டும் வரமாட்டேனுங்க. எங்க ஊருல இன்னும் ஆறு பேரு வந்தா வாரேன்" என்றார். அந்த ஆறு பேரையும் அவரே சேர்த்தார். அதில் இருவர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். மாமியார்களிடம் பேசி அனுமதி வாங்கியதும் அவர்தான். தன்னோடு வந்தால் ஒன்றும் ஆகாது என்று தன் பேரில் பொறுப்பேற்றுக் கூட்டி வந்தார்.

இதற்கெல்லாம் முன்பே விளம்பரம் நான் எழுதியிருந்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது எனக்கு ஒரு பெருமை. பெரிய தாளில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தேன்.

பந்தய நாள் காலை நல்ல பனி. ஆண்கள் ஓட்டம் முடிந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். மொத்தம் பதினாறு பேர். மலைக்குக் கீழேயிருந்து வந்த ஒன்பது பேரும் ஷூ, டிராக் பேண்ட் என்று இருந்தார்கள். எங்கள் ஏழு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெற்ற பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வந்தவள் போல ஒவ்வொருவர் தலைப்பையும் சரிசெய்து விட்டேன்.

"பாதி வழியில் தண்ணீர் கொடுப்பாங்க, நின்று குடிச்சிட்டு ஓடுங்க" என்றேன்.

"எங்களுக்கு வேண்டாமுங்க டீச்சர். வழியில ஊத்து இருக்குது" என்றாள் புதுப்பெண் ஒருத்தி.

ரோட்டோரம் எங்கோ ஊற்று இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விசிலை ஊதினேன். உடனே செயலாளர் தம்பியின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டு வாசலூர்பட்டிக்குப் பறந்தேன். ஓடுகிறவர்களைத் தாண்டித்தான் போனோம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்ததால், யாரைத் தாண்டினோம், எத்தனை பேரைத் தாண்டினோம் என்று எனக்குத் தெரியாது; வண்டி ஓட்டிய தம்பியும் எண்ணிக்கொண்டு வரவில்லை.

படகு இல்லத்துக்கு முன்னால் ரிப்பன் கட்டி, மைக் செட் போட்டு, நல்ல கூட்டம். எங்கள் ஏழு பேரின் ஊர்க்காரர்களும் டெம்போ பிடித்து வந்திருந்தார்கள். எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். திடீரென்று முதுகுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"டீச்சர், வந்துட்டமுங்க. எங்க வந்து நிக்கோணும்?"

திரும்பினால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த அக்கா. முழங்கால் வரை சேறு, சேலையெல்லாம் ஒட்டுப்புல், முகம் முழுக்க வியர்வையும் சிரிப்பும். ரிப்பனின் தப்பான பக்கம் வந்து நிற்கிறோம் என்று தெரிந்ததும், அவரே அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய், அங்கிருந்து ஓடிவந்து நெஞ்சால் ரிப்பனை அறுத்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக மற்ற ஆறு பேரும். ரோட்டில் இன்னும் ஒரு ஷூவைக்கூடக் காணோம். அவர்கள் ஊர்க்காரர்கள் விசிலடித்துக் குதித்தார்கள்.

எனக்கோ இரத்தம் தலைக்கேறியது. பாதி வழியில் தண்ணீர் கொடுக்க நின்ற பையனுக்குப் போன் போட்டேன். சேலை கட்டிய யாரும் இந்தப் பக்கம் வரவே இல்லை என்றான். அதற்குள் கீழேயிருந்து வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, ரோட்டு வழியாக, நாக்குத் தள்ள ஓடிவந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நியாயம் பொங்கிவிட்டது. நான்கு தடவை போய்க் கெஞ்சிக் கூட்டி வந்தேனே, என் மானத்தை வாங்கிவிட்டார்களே என்ற கோபம் வேறு. மைக்கைப் பிடுங்கினேன்.

"முதலில் வந்த ஏழு பேரின் ஓட்டம் செல்லாது. குறுக்கு வழியில் வந்து ஏமாற்றியவர்களுக்குப் பரிசு கிடையாது."

ஏமாற்றியவர்கள் என்ற அந்தச் சொல் நான்கு ஒலிபெருக்கியிலும் கிளம்பி ஏரிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அந்த அக்கா என் பக்கத்தில் வந்தார். கத்தவில்லை.

"நாங்க என்னத்தீங்க டீச்சர் ஏமாத்தினோம்? வாசலூர்பட்டிக்கு ஓடச் சொன்னீங்க. ஓடியாந்தோம்."

"ரோட்டு வழியாகத்தானே ஓடணும்? இது தெரியாதா?"

அவர் என் முகத்தைப் பார்த்து, "பஸ்ஸுக்கு முன்னால வந்தேன்னுதானுங்களே என்னையக் கூப்பிட்டீங்க?" என்றார்.

எனக்கு அப்போது கூட உறைக்கவில்லை. விசில் கழுத்தில் இருந்தது அல்லவா! கூட்டத்தைப் பார்த்து, அடுத்த அறிவிப்பைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். கல்லூரிப் பெண்ணுக்கு அண்டா போனது. எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோது ஏழு பேரும் இல்லை. வந்த வழியே மரங்களுக்குள் இறங்கிப் போய்விட்டார்கள். ஓடியவர்களுக்காகக் கட்டிவைத்த தக்காளி சாதப் பொட்டலங்களில் ஏழு மட்டும் சுவர் மீது அப்படியே இருந்தன.

அந்தப் பொட்டலங்கள்தான் ராத்திரி முழுக்க என்னை உறுத்தின. ஏமாற்ற வந்தவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டா போவார்கள்?

மறுநாள் காலை டீக்கடையில் நுழைந்தேன். கடைக்காரர் டீயைக் கொடுத்துவிட்டு, சுவரில் நான் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கையால் தட்டினார்.

"டீச்சர், இதுல ரோட்டு மேலதான் ஓடோணும்னு எங்கீங்க இருக்குது?"

படித்தேன். என் அழகான கையெழுத்து. இந்த ஊர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசலூர்பட்டி படகு இல்லம் வரை பெண்கள் ஓட்டப் பந்தயம். முதலில் வந்து சேருபவருக்கு எவர்சில்வர் அண்டா. அவ்வளவுதான். இன்னொரு தடவை படித்தேன். ரோடு என்ற சொல்லே இல்லை.

"அந்த அக்கா இங்க வந்து என்னைய ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுச்சுங்க. வேற ஏதாச்சும் போட்டிருக்குதான்னு கேட்டுச்சு. இல்லைன்னேன். அப்பறந்தான் ஆளுகளைச் சேர்த்துச்சு" என்றார் கடைக்காரர்.

டீயைக் கீழே வைத்தேன். ஆண்கள் பல வருடமாக ஓடிப் பழகியவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல்முறை ஓடுகிற பெண்களுக்கு யார் சொன்னது? இரண்டு ஊருக்கு நடுவில் ரோடு ஒன்றுதான் உண்டு என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதிவிட்டேன். இத்தனைக்கும் சின்ன வயதில் நானே ரோட்டை விட்டு வரப்பு வரப்பாகக் குறுக்கே நடந்து பள்ளிக்குப் போனவள்தான். பஸ்ஸை முந்தினார் என்பதற்காகவே ஒருவரைத் தேடிப் போய்க் கூப்பிட்டுவிட்டு, பஸ்ஸை முந்திய அதே மாதிரி வந்ததற்காக அவரை ஏமாற்றுக்காரி என்று மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரம் சந்தைக்குப் பிறகு விஷயம் இன்னும் மோசமானது. சொன்னதும் டீக்கடைக்காரர்தான். அந்த அக்கா வழக்கமாகச் சந்தையில் மிளகு போடுகிற வியாபாரி, வருடக் கணக்கில் அவர் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காதவர், அந்த வாரம் எல்லோர் முன்னாலும் ஒரு கை மிளகை எடுத்துத் தண்ணீரில் போட்டு, கலப்பட மிளகு போல மிதக்கிறதா என்று பார்த்தாராம். சுற்றி நின்றவர்கள், "மிளகும் குறுக்கு வழியில வந்ததா?" என்று சிரித்தார்களாம். புதுப்பெண் ஒருத்தியின் மாமியார், இனிமேல் அந்த அக்காவோடு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்று பாய் போட்டார். கேட்காமலே காபி வந்தது. திட்டுவார் என்று தயாராகப் போன எனக்கு அந்தக் காபி இன்னும் கஷ்டமாக இருந்தது. விளம்பரத்தில் நான் செய்த தப்பைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அழுதும் விட்டேன். அவர் டம்ளரை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"ரோடு பஸ்ஸுக்குப் போட்டதுங்க டீச்சர். நாங்க நடக்கறது தடத்துல. எங்க அம்மாயி காலத்துல இருந்து வாசலூர்பட்டிக்கு அதுதான் வழி. குறுக்கு வழின்னு நீங்க சொன்னப்பத்தான் அதுக்கு அப்படி ஒரு பேரு இருக்கறதே எனக்குத் தெரிஞ்சுது."

"தப்புதான்கா. என்ன செய்யணும் சொல்லுங்க, செய்யறேன்."

"அண்டா கெடக்குதுங்க. அது வேண்டாம்." என் எதிரே வந்து உட்கார்ந்தார். "இப்ப என்ற ஊட்டுல வந்து சொல்றீங்க. இங்க நானும் நீங்களுந்தான் இருக்கறோம். மைக்குல சொன்னதை மைக்குலதானுங்க திருப்பிச் சொல்லோணும்."

நாலு சுவருக்குள் அழுவது சுலபம். ஆனாலும் சரி என்றேன். அவர் எழுந்தார்.

"அதுக்கு முன்னால தடத்தைப் பார்த்துக்கங்க. பார்க்காம என்னத்தைச் சொல்லுவீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பந்தயம் தொடங்கிய இடத்திலிருந்து அவரோடு நடந்தேன். நடந்தேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வதுதான். பஸ் ஸ்டாப்பிலிருந்து இருநூறு அடி தள்ளி ரோட்டில் ஒரு சின்னப் பாலம். அதன் பக்கத்தில் இறங்குகிறது தடம். மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே கிடுகிடு என்று இறக்கம். அடியில் ஓர் ஓடை. அதற்குப் பக்கத்தில், அந்தப் பெண் சொன்ன ஊற்று. பிறகு ஏற்றம். அதை ஏற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். வேரைப் பிடித்து, கல்லைப் பிடித்து ஏறினேன். நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். தூரத்தில் ரோட்டில் பாதிதான். கஷ்டத்தில் மூன்று மடங்கு. இதில்தான் ஏழு பெண்கள் சேலையோடு ஓடி வந்திருக்கிறார்கள். நான் நெஞ்சு நிமிர்த்தி, அவர்கள் சுலபமான வழியில் வந்ததாக அறிவித்திருக்கிறேன்.

ஏற்றத்துக்கு முன்னால், ஓடையைத் தாண்ட ஒரு மரக்கட்டை போட்டிருந்தார்கள். அதன் நடுவில் வந்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். எதிரே நின்றவர் கை நீட்டினார்.

"கண்ணத் தொற சாமி. கண்ண மூடிக்கிட்டா விழுந்து போடுவே. என்னையப் பார்த்து வா."

அதுவரை ஒவ்வொரு வார்த்தைக்கும் "ங்க" போட்டு என்னைத் தள்ளி நிறுத்தியிருந்தவர், அந்த ஒரு நொடியில், பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல என்னைச் சாமி என்றார். கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டையைத் தாண்டினேன். கரையில் ஏறியதும் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. அவரும் சிரித்தார். "நீங்க பஸ்ஸுலயே வாங்க டீச்சர்" என்றார், மறுபடியும் "ங்க" போட்டு.

இதற்கிடையில் அந்தக் கல்லூரிப் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அண்டாவைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவளே, "அப்போ நான் எட்டாவதா மேடம் வந்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "ஹாஸ்டல்ல கட்டிலுக்கு அடியில்கூட அது நுழைய மாட்டேங்குது. அவங்ககிட்டயே கொடுத்திடுங்க." இரண்டு நாளில் காலை பஸ்ஸில் அண்டா மலையேறி வந்தது. என்ஜின் பக்கத்தில் அதை வைத்து, எழுபது வளைவிலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்ததாகக் கண்டக்டர் அலுத்துக்கொண்டார்.

அடுத்த சந்தை நாள். வழக்கமாகத் துணி வியாபாரி கத்துகிற மைக்கை ஐந்து நிமிடம் கடன் கேட்டு வாங்கினேன். செயலாளர் தம்பியும் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. மைக்கைப் பிடித்தால் அடங்காத எனக்கு, அன்று முதல் வார்த்தை வரவே அரை நிமிடம் ஆனது.

"மாசி ஓட்டத்தில் ஏழு பேர் ஏமாற்றியதாக நான் சொன்னேன். அது பொய். விளம்பரத்தில் வழி எதுவென்று எழுதாமல் விட்டது நான். அவர்கள் ஓடிய தடத்தை நான் ஏறிப் பார்த்துவிட்டேன். ரோட்டில் ஓடியவர்களைவிடக் கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கிறார்கள். தப்பு செய்தது நான் மட்டும்தான். ஏழு பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

சந்தை ஒரு நிமிடம் நின்றது. தேங்காய் உடைக்கிறவர்கூட நிறுத்திவிட்டார். நான் கூட்டத்தில் அந்த அக்காவைத் தேடினேன். மிளகு வியாபாரியின் தராசுக்கு முன்னால் மூட்டையோடு நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வியாபாரியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கேட்டுச்சில்லீங்க? எடையப் போடுங்க."

வியாபாரி தண்ணீர்ச் சொம்பை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, மூட்டையைப் பிரிக்காமல் தராசில் தூக்கி வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்டாவைச் செயலாளர் தம்பி அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஏழு பேருக்கும் பொது என்று சொல்லி, அவர்கள் ஊர்க் கோயில் சாமான்களோடு வைத்துவிட்டார். இப்போது அந்த ஊரில் எந்த விசேஷம் என்றாலும் சோறு அதில்தான் வடிக்கிறார்கள். அனுமதி மறுத்த மாமியார்தான் அதைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறார் என்று கேள்வி.

அடுத்த மாசியில் விளம்பரத்தை நான் எழுதியதும், டீக்கடைக்காரர் சத்தமாகப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் ஒட்டினோம். பெண்களுக்கு இரண்டு பந்தயம்: ஒன்று ரோட்டு ஓட்டம், இன்னொன்று தடத்து ஓட்டம். தடத்து ஓட்டத்துக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தக் கல்லூரிப் பெண்ணும் தன் தோழிகள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தடத்தில் ஓட வந்திருந்தாள். அந்த அக்கா மட்டும் ஓடவில்லை. நெல்லிக்காய்க்கு ஏறும்போது கால் பிசகியிருந்தது. அதனால் அந்த வருடம் மைக் அவரிடம் இருந்தது. விசில் செயலாளர் தம்பியிடம்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? தடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடையில் விழவில்லை. கட்டையைக் கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினேன். ஏற்றத்தில் மட்டும் தவழ்ந்தேன். எல்லோரும் போய்ச் சேர்ந்து, பரிசு கொடுத்து, தக்காளி சாதமும் சாப்பிட்டு முடித்த பிறகு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து நான் வெளியே வந்தேன். முழங்கால் வரை சேறு, தலையெல்லாம் ஒட்டுப்புல். கலைந்து போகவிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. நான்கு ஒலிபெருக்கியிலும் அவர் குரல் கேட்டது:

"எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. கடைசியா வாரது நம்ம டீச்சருங்க. ரொம்ப நேரமாகிப் போச்சு. ஆனா ஏமாத்தாம வந்திருக்காங்க!"

ஏரிக்கரையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, தப்பான பக்கம் வந்துவிட்டேன் என்று தெரிந்து, ரிப்பனைச் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனேன். எனக்காக அதை மறுபடியும் நீட்டிப் பிடித்திருந்தார்கள். ஒரு முனையை அந்த அக்காதான் பிடித்திருந்தார். பக்கத்திலிருந்த சுவரின் மீது ஒரே ஒரு சாதப் பொட்டலத்தை எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

இப்போதும் விசிலை வாயில் வைக்கும்போதெல்லாம் அந்த ஏழு பொட்டலங்களும், பிறகு எனக்கென்று காத்திருந்த அந்த ஒரு பொட்டலமும் நினைவுக்கு வருகின்றன. எதிரே நிற்பவர் எந்த வழியாக வந்தார் என்று கேட்டுவிட்டுத்தான் ஊதுகிறேன்.